அடுப்பு காணாத ஆகாரம்

சோறும் சுமையும்

ஒரு கிலோ அரிசியை உலையிலிட்டு வடித்து, ஆறியபின் நிறுத்துப் பார்த்தால், அது இரண்டரைக் கிலோவுக்கும் மேலாகவே எடை காட்டும் என்பது சமையலறையில் பழகியவர் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் அந்தச் சோற்றை உண்பவனுடைய சரீரத்துக்குக் கிடைக்கும் சக்தியோ, அது அரிசியாயிருந்த காலத்தில் அதனுள் அடங்கியிருந்த சக்தியைக் காட்டிலும் அணுவளவும் அதிகமன்று. புதிதாக வந்து சேர்ந்த ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரம் முழுவதும் தண்ணீரே. வீட்டில் இலை போட்டு அமர்ந்து உண்கிறவன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியம் இல்லை. ஐந்து நாளைக்குரிய ஆகாரத்தைத் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு, வண்டி செல்லாத மலைக்காட்டுக்குள் நடந்து போகிறவன் கவலைப்பட்டே தீரவேண்டும்.

வேட்டைக் கதைகளைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு எழும் சந்தேகம் ஒன்று உண்டு. துப்பாக்கியோ வில்லோ ஏந்தி, ஒரே ஒரு மூட்டையுடன் காட்டுக்குள் புகுந்து, ஒரு வாரம் கழித்து வெளியே வருகிறானே, அந்த மனிதன் இடைப்பட்ட நாட்களில் எதைத் தின்று உயிர் தரித்தான்? வேட்டையாடியதைத் தின்றிருப்பான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். பெரும்பாலான நாட்களில் வேட்டையில் எதுவும் சிக்குவதில்லை என்பது ஒருபுறம் இருக்க, சிக்கினாலும் அதை மட்டுமே தின்று ஒருவன் நெடுநாள் நடமாட முடியாது என்பதே உண்மை. அது ஏன் என்று விளங்கிக்கொள்ள, முதலில் அவன் முதுகிலிருக்கும் மூட்டையை நாம் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

அடுப்பை ஏன் விட்டுச் செல்கிறான்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ராக்கி மலைகளில், செப்டம்பர் மாதம் வில்லேந்தியவர்களுக்குரிய எல்க் வேட்டைப் பருவம். எல்க் என்பது நம் கடம்பை மானைவிடப் பெரிய ஒரு மான் இனம். வளர்ந்த ஆண் ஒன்று முந்நூறு கிலோ எடையுள்ளது. கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டர் உயரத்தில், ஆஸ்பென் மரங்களின் இலைகள் பொன்னிறமாகத் தொடங்கும் அந்த நாட்களில், இம்மான்கள் விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் புல்வெளிகளில் மேய்ந்துவிட்டு, பகல் முழுவதும் அடர்ந்த ஊசியிலைக் காட்டின் இருளில் படுத்துக் கிடக்கும். ஆகவே வேட்டைக்காரன், வெளுக்கும் முன்பே மலைமுகட்டில் பைனாகுலரும் கையுமாக அமர்ந்திருக்க வேண்டும். அந்தி மயங்கிய பிறகே கூடாரத்துக்குத் திரும்ப வேண்டும். காலையில் கஞ்சி காய்ச்சவும், நண்பகலில் இறங்கிவந்து சமைத்துண்டு மறுபடி ஏறவும் அவனுக்குப் பொழுதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் காட்டுத் தீக்கு அஞ்சி அரசாங்கம் திறந்த நெருப்பைத் தடைசெய்துவிடுவதும் உண்டு. விமானத்தில் வந்திறங்கும் வேட்டைக்காரனுக்கு வேறொரு தொல்லை: எரிவாயுக் குப்பியை விமானத்தில் எவ்விதத்திலும் கொண்டுவர முடியாது. சமையல் வாசனை மானை விரட்டிவிடும் என்றும் சிலர் காரணம் கூறுவர். மனித வாடையே அம்மானை மலைக்கு அப்பால் துரத்தப் போதுமானது என்பதால், இதை நான் பெரிதாகக் கருதவில்லை.

எடைக் கணக்கே வலுவான காரணம். மிகச் சிறிய மலையேற்ற அடுப்பு, ஒரு பாத்திரம், எரிவாயு நிரம்பிய சிறு குப்பி ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ நானூறு கிராம். சற்றுப் பின்னால் நாம் பார்க்கப்போகும் கணக்கின்படி, அதே நானூறு கிராமுக்குச் சமைக்காத உணவை எடுத்துச் சென்றால் அரைநாளைக்கு மேலான ஆகாரம் ஆகிவிடும். உறையவைத்து உலர்த்திய உணவுப் பொட்டலங்கள் இலேசானவை என்று புகழப்படுகின்றன. அவற்றை வெந்நீர் ஊற்றித்தான் உண்ண வேண்டும், கிராமுக்குக் கிராம் அவை தரும் சக்தியும் கடலையும் பாலாடைக்கட்டியும் கலந்த பையைவிட மிகுதியன்று. பயணம் பத்து நாள் நீண்டாலும், பனி விழும் நவம்பரில் சென்றாலும், சூடான ஆகாரத்தின் பக்கம் நியாயம் சாய்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் பேசுவது ஐந்து நாள் செப்டம்பர் வேட்டையைப் பற்றி.

சக்திச் செறிவு

உணவின் சக்தியை அளக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் வில்பர் அட்வாட்டர். 1890-களில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஒரு மனிதன் உள்ளே நாட்கணக்காகத் தங்கி உண்ணவும் உறங்கவும் உழைக்கவும் தக்கதாக ஒரு சிற்றறையை அமைத்து, அவன் உண்டது எவ்வளவு, அவன் உடல் வெளியிட்ட உஷ்ணம் எவ்வளவு என்று அவரும் அவருடைய சகாக்களும் நுணுக்கமாகக் கணக்கிட்டனர். அந்த ஆராய்ச்சிகளின் பயனாகக் கிடைத்த மூன்று எண்களை இன்றும் உலகமெங்கும் உணவுப் பொட்டலங்களின் மீது கணக்கிடப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தரும், ஒரு கிராம் புரதமும் 4 கலோரி தரும், ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். (இங்கே கலோரி என்று நாம் சொல்வது, ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தும் அளவு.) தண்ணீர் தருவது பூஜ்யம்.

ஓர் உணவின் ஒரு கிராமில் எத்தனை கலோரி அடங்கியிருக்கிறது என்பதை இந்நூலில் சக்திச் செறிவு என்று அழைப்போம். சோற்றின் சக்திச் செறிவு 1.3, ஆப்பிளுக்கு அரை, தண்ணீரில் அடைத்த டப்பா மீனுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். உலர்ந்த திராட்சை 3-ஐத் தொடும். வறுத்த வேர்க்கடலையும் பாதாமும் ஏறக்குறைய 5.8, ஆலிவ் எண்ணெய் 8.8. இந்த வரிசையைக் கூர்ந்து நோக்கினால் இரண்டே விதிகள் புலப்படும். தண்ணீர் விலக விலகச் செறிவு ஏறும். கொழுப்பு சேரச் சேர அது இன்னும் ஏறும். வேட்டைக்காரன் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் போவதில்லை. ஆனால் மலையின் ஓடையிலேயே அது கிடைக்கும்போது, அதை அடிவாரத்திலிருந்து உணவின் உருவில் சுமந்து ஏறுவானேன்?

ஒரு நாளைய பை

இனி ஒரு நாளைக்குரிய பையை நாமே கட்டிப் பார்ப்போம். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை, ஒரு சமையலறைத் தராசு, இவை போதும்.

முதலில் காலை. மெல்லியதாகத் தட்டிய ஓட்ஸ் 100 கிராம், கொழுப்பு நீக்காத பால்பொடி 40 கிராம். இரண்டையும் முன்னிரவே ஓடைநீரில் ஊறப்போட்டுவிட்டால் விடியுமுன் கரண்டியால் அள்ளி உண்ணலாம். ருசியாயிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்ஸில் 380 கலோரியும் பால்பொடியில் 200 கலோரியும் உண்டு. பகலுக்கு டார்ட்டில்லா எனப்படும் கோதுமை ரொட்டி இரண்டு, 100 கிராம், 300 கலோரி. சாதாரண ரொட்டித்துண்டை விட்டு இதைத் தேர்வதற்குக் காரணம், அது மூட்டையில் நசுங்கிப் பொடியாகிவிடும், காற்றையும் அடைத்துக்கொண்டு இடத்தைப் பிடிக்கும். இதுவோ தட்டையாக மடிந்து கிடக்கும். ரொட்டியின்மேல் தடவ வேர்க்கடலை வெண்ணெய் 80 கிராம், 470 கலோரி. அதனுள் சுருட்டிவைக்கக் கெட்டியான பாலாடைக்கட்டி 60 கிராமும் உலர்த்திய சலாமி 60 கிராமும், ஒவ்வொன்றும் 240 கலோரி. மலைமுகட்டில் அமர்ந்து அவ்வப்போது கொறிக்கப் பாதாம் 100 கிராம், 580. உருளைக்கிழங்கு வறுவல் 80 கிராம், 430. கசப்புச் சாக்லேட் 60 கிராம், 360. உலர்ந்த திராட்சை 60 கிராம், 180. கடைசியாக ஒரு சிறு குப்பியில் ஆலிவ் எண்ணெய் 20 கிராம், 180 கலோரி. அதை ரொட்டியில் நனைத்துக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலைப் புறப்படுமுன்பே வேண்டுமென்றே நொறுக்கிவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். முழு வறுவல் மூட்டையில் பாதியை அடைத்துக்கொள்ளும், நொறுக்கியதோ ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

கூட்டிப் பார்த்தால் எடை 760 கிராம். சக்தி 3,560 கலோரி. சக்திச் செறிவு ஏறக்குறைய 4.7. ஐந்து நாளைக்கு 3.8 கிலோ. இதே சக்தியைச் சோறாகச் சுமப்பதாயிருந்தால் நாளொன்றுக்கு 2.7 கிலோ, ஐந்து நாளைக்கு 13 கிலோவுக்கும் மேல். அதுவும் இரண்டாம் நாளே ஊசிப்போகும்.

பாரத்துடன் மலையேறி இறங்கும் ஒருவன் நாளொன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு கலோரிவரை செலவழிக்கக்கூடுமே, நம் பையில் அதற்கு ஆயிரம் குறைகிறதே என்று வாசகர் கேட்கலாம். குறைகிறதுதான். ஐந்து நாளில் அந்தக் குறை 4,700 கலோரி. மனித உடலின் கொழுப்புத் திசு ஒரு கிலோ ஏறத்தாழ 7,700 கலோரியைத் தேக்கிவைத்திருக்கிறது. ஆகவே இந்தப் பற்றாக்குறை முழுவதையும் அவன் தன் இடுப்பிலிருக்கும் கொழுப்பில் அறுநூறு கிராமைக் கரைத்து ஈடுசெய்துவிடுவான். எழுபது கிலோ எடையுள்ள, பருமனில்லாத ஆண்மகனிடமே இப்படிப்பட்ட கொழுப்புப் பத்துக் கிலோ அளவில் உண்டு. ஐந்து நாள் பயணத்துக்குச் செலவு முழுவதையும் உணவாகச் சுமக்க முயல்வது, ஏற்கெனவே உடம்பில் இருப்பதை மறுபடியும் முதுகில் ஏற்றிக்கொள்வதாகும் என்பது என் அபிப்பிராயம்.

எண்ணெய் மட்டும் ஏன் போதாது?

சக்திச் செறிவே பிரதானமென்றால், நானூறு கிராம் எண்ணெயில் ஒருநாள் கணக்குத் தீர்ந்துவிடுமே! தீராது. வயிறு அவ்வளவு எண்ணெயைத் தாங்காது என்ற வெளிப்படையான தடையை விட்டுவிட்டாலும், உயரத்தில் மூச்சு ஒரு பெரிய விஷயம். மூவாயிரம் மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் பத்தில் ஏழு பங்குதான். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனைக் கொண்டு உடல் மாவுப்பொருளை எரித்தால் ஐந்து கலோரி பெறும்; கொழுப்பை எரித்தால் அதைவிடச் சற்றுக் குறைவாக, 4.7 கலோரியே பெறும். மேலும், கொழுப்பை எரிப்பது மந்தமான காரியம். செங்குத்தான சரிவில் விரைந்து ஏறும்போது தசைகள் நாடுவது, மாவுப்பொருளிலிருந்து உடல் செய்து சேமித்துவைத்திருக்கும் கிளைக்கோஜனை. அதன் கையிருப்போ அரைக் கிலோவுக்குள் அடங்குவது. ஓட்ஸும் ரொட்டியும் திராட்சையும் பையில் இடம்பெற்றது இதனால்தான்.

எண்ணெயின் கதை இப்படியிருக்க, இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. வேட்டையாடிய மானையே தின்னலாமே என்ற நம் பழைய எண்ணத்துக்கு இப்போது வருவோம். எல்க் இறைச்சி மிகவும் மெலிந்தது. நூறு கிராமில் கொழுப்பு ஒன்றரைக் கிராம்கூட இராது, சக்தி 111 கலோரிதான். நம் பையின் 3,560 கலோரியை அதிலிருந்து பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அதில் எழுநூறு கிராமுக்கு மேற்பட்ட புரதம் வந்து சேரும். புரதத்தைச் சக்திக்காக எரிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த வேலையின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நாளைய சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குமேல், அதாவது இங்கே முந்நூறு கிராமுக்குமேல், புரதத்திலிருந்தே பெற முயன்றால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சோர்வும் தோன்றி, எவ்வளவு தின்றாலும் பசி தீராமல் உடல் நலியும். கொழுப்பற்ற முயலிறைச்சியை மட்டுமே நம்பிக் குளிர்காலத்தைக் கழித்த வடதேசத்து வேடர்கள் இந்த நோயை முயல்பட்டினி என்று அழைத்தார்கள்.

வட துருவப் பிரதேசங்களை ஆராய்ந்த வில்ஹ்ஜால்மர் ஸ்டெஃபான்சன், 1928-ல் நியூயார்க் நகரத்து பெல்வ்யூ மருத்துவமனையில், மருத்துவர்களின் கண்காணிப்பில், இறைச்சி ஒன்றையே ஓராண்டு உண்டு காட்ட முன்வந்தார். பரிசோதனையின் தொடக்கத்தில் மருத்துவர்கள் அவரைக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் உண்ணச் சொன்னார்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே அவருக்கு உடம்பு கெட்டது. இறைச்சியோடு கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். எஞ்சிய காலத்தைக் கொழுப்பும் இறைச்சியுமாகச் சுகமாகக் கழித்தார்.

பெமிக்கன்

இந்த உண்மைகளை எந்தச் சோதனைச்சாலையும் இல்லாமல் கண்டு, ஒரே பதார்த்தத்தில் அடக்கியவர்கள் வட அமெரிக்கச் சமவெளியின் பழங்குடி மக்கள். கிரீ முதலிய இனத்தாரும், அவர்களுடன் ஐரோப்பியர் கலந்து தோன்றிய மேட்டி மக்களும் காட்டெருமையின் இறைச்சியை மெல்லிய தகடுகளாக அரிந்து, வெயிலிலும் தணலருகிலும் காய வைத்து, கற்களால் இடித்து நார்நாராகப் பொடியாக்கி, ஏறத்தாழச் சம எடையுள்ள உருக்கிய கொழுப்பை அதன்மேல் ஊற்றிப் பிசைந்து, சில சமயம் சஸ்கட்டூன் என்னும் காட்டுப்பழத்தையும் சேர்த்து, மயிர் வெளிப்புறமாயிருக்கும்படி தைத்த தோல்பையில் அடைத்தார்கள். பை ஒன்று நாற்பது கிலோவுக்குக் குறையாது. கொழுப்பு இறுகியதும் அது கல்லாகிவிடும், கோடரியால் வெட்டித்தான் எடுப்பார்கள், அப்படியே தின்னலாம். பெமிக்கன் என்பது அதன் பெயர்.

பாதிக்குப் பாதி என்ற அந்த அளவை நம் கணக்கில் பொருத்திப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. சக்திச் செறிவு ஆறுக்கும் மேல். நம்முடைய நவீனப் பையைத் தோற்கடிக்கிறது. அதைவிட முக்கியம், அதன் சக்தியில் புரதத்தின் பங்கு ஏறத்தாழக் கால்வாசி, அதாவது கல்லீரலின் எல்லைக்குச் சற்று உள்ளே. இடித்த இறைச்சியை மட்டும் எடுத்துச் சென்றிருந்தால் முயல்பட்டினி. கொழுப்பை மட்டும் எடுத்துச் சென்றிருந்தால் குமட்டல். எத்தனை தலைமுறைப் பட்டறிவு அந்தச் சமஎடைக்குள் படிந்திருக்க வேண்டும்!

அலெக்சாண்டர் மெக்கன்ஸி 1793-ல் கனடாவைக் குறுக்கே கடந்து பசிபிக் கரையை எட்டிய பயணத்தில், திரும்பும் வழிக்கென்று பெமிக்கனைக் குழிதோண்டிப் புதைத்து, தோண்டிய தடம் தெரியாதபடி அதன்மேல் தீ மூட்டிவைத்துச் சென்றார். மென்மயிர்த்தோல் வியாபாரத்துக்கான படகோட்டிகளின் வயிறு அதை நம்பியே இருந்தபடியால், அரசியலும் அதைச் சுற்றியே சுழன்றது. 1814 ஜனவரியில் செவ்வாற்றங்கரைக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனல் அப்பகுதியிலிருந்து பெமிக்கனை வெளியே கொண்டுபோகத் தடைவிதித்தார். அதனால் மூண்ட பகை, 1816 ஜூன் 19-ஆம் தேதி செவன் ஓக்ஸ் என்னுமிடத்தில் அடுத்த ஆளுநரான ராபர்ட் செம்பிளும் அவர் ஆட்கள் இருபதுபேரளவிலும் மடிந்த சண்டையாக முற்றிற்று.

கெடாமல் இருப்பது எப்படி?

கொழுப்பும் இறைச்சியும் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததற்குக் காரணம் என்ன? கிருமிகள் வளரத் தண்ணீர் வேண்டும். ஆனால் உணவில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, அது கிருமிக்குக் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் தண்ணீரைத் தம்மிடம் பற்றிவைத்துக்கொள்ளும். இப்படிப் பற்றப்படாமல் எஞ்சியிருக்கும் நீரின் அளவைக் கட்டற்ற நீர் எனலாம். தூய தண்ணீருக்கு இதை ஒன்று என்று வைத்தால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே வளரா, 0.6-க்குக் கீழே எந்தப் பூஞ்சையும் வளராது. தேனில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருந்தும் அது கெடாததற்கு, அதன் கட்டற்ற நீர் இந்தக் கீழெல்லையை ஒட்டியே இருப்பது முக்கிய காரணம்.

இந்தத் தத்துவத்தை நமக்கு அருகிலேயே பிரயோகித்தவர்கள் இலங்கை வேடர்கள். கண்டி ராஜ்யத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681-ல் வெளியிட்ட தம் நூலில், அவர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் வாயை அடைத்துப் பஞ்ச காலத்துக்கென்று வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். நம் பையிலுள்ள சலாமியும் கெட்டிப் பாலாடைக்கட்டியும் திராட்சையும் இதே காரணத்தால்தான் குளிர்பெட்டி இல்லாமல் ஐந்து நாள் தாங்குகின்றன.

உண்ணாத உணவு

கணக்கு எவ்வளவு சரியாயிருந்தாலும் வயிறு அதற்கு இணங்க வேண்டுமே. உயரம் ஏற ஏறப் பசி மந்தப்படும். களைப்பு மிகுந்தால் வாய் உலர்ந்துவிடும். நாள்தோறும் ஒரே இனிப்பைக் கண்டால் மூன்றாம் நாளே வெறுப்புத் தட்டும். திருப்பிக் கொண்டுவரப்படும் பாதாம், கலோரிக் கணக்கில் பூஜ்யம்; சுமைக் கணக்கில் மட்டும் முழு எடை. ஆகவே சக்திச் செறிவில் சிறிது பின்தங்கினாலும், உப்பும் உறைப்பும் புளிப்பும் உள்ள பண்டங்களைப் பையில் கலந்துவைப்பது அறிவுடைமை. உருளைக்கிழங்கு வறுவலைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள், வியர்வையில் போன உப்பை நாக்கு எவ்வாறு தேடும் என்பதை அறியாதவர்கள். குளிரையும் கருத வேண்டும்: விடியற்காலை உறைபனியில் வேர்க்கடலை வெண்ணெய் கத்திக்கும் அசையாது, சாக்லேட் பல்லை உடைக்கும், முந்தின இரவே இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டுப் படுத்தால் காலையில் இளகியிருக்கும். கரடி உலவும் இடங்களிலோ இப்படிச் செய்யவே கூடாது. அங்கே உணவுப் பை முழுவதும் தரையிலிருந்து பத்தடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து நான்கடி விலகித் தொங்க வேண்டும்.

வேட்டை பலித்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்துவிட வேண்டும். முந்நூறு கிலோ ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சி தொண்ணூறு கிலோ அளவுக்குத் தேறும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவருவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். நடைக்கு முப்பது கிலோ வீதம் மூன்று நடை. வண்டி நிற்கும் இடம் ஐந்து கிலோமீட்டர் தொலைவென்றால், போவதும் வருவதுமாக இருபத்தைந்து கிலோமீட்டர், அதில் பதினைந்து பாரத்துடன். ஐந்து நாள் காத்திருந்ததைக் காட்டிலும் கடினமான நாள் அதுவே. அதனால் ஐந்து பைகளோடு ஆறாவதாக ஒன்றையும் கட்டிவைக்க வேண்டும். அதில் பாதாமையும் எண்ணெயையும் குறைத்து, தசை அன்று விரைந்து கேட்கும் மாவுப்பொருளாக, உலர்ந்த திராட்சையும் ரொட்டியும் சர்க்கரை மிட்டாயும், கூடவே உப்பு வறுவலும் மிகுதியாக இருக்கட்டும். எடை தொள்ளாயிரம் கிராமுக்கு ஏறினாலும் பாதகமில்லை.